பாட்டுக் கேட்க ஒரு அறை: வன்னி வீட்டில் எதைத் திருத்துவது?

வன்னியில் பாட்டுக் கேட்பதற்கென்று வீட்டில் ஒரு அறையைத் திருத்த நினைப்பவர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும். சுவரில் என்ன ஒட்டலாம், எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்பதெல்லாம் பிறகு. மேலே கிடப்பது தகரமா, ஓடா, கொங்கிறீற்றா என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

இந்த விஷயத்தில் எங்கள் கைக்குக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் சொன்னவை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார் என்ற பயம் அவர்களுக்கு. அதனால் யன்னலை அடை, கதவுக்கு றப்பர் ஒட்டு, உள்ளே ஏசி பூட்டு என்று அடைப்பதிலேயே அவர்களுடைய காசு போய்விடும். எங்களுக்குக் காணி இருக்கிறது. கால் ஏக்கரோ அரை ஏக்கரோ, அடுத்த வீடு வேலிக்கும் நாலு தென்னைக்கும் அப்பால். இரவு ஊர் அடங்கினால் தவளையும் நாயும்தான். ஏ9 வீதிக்குக் கிட்ட என்றால் லொறி, தண்டவாளத்துக்குக் கிட்ட என்றால் யாழ்தேவி. எங்களுடைய கரைச்சல்கள் வேறு: தகரக் கூரை, வெக்கை, மாரியின் ஈரம், கறையான்.

என் சித்தப்பாவின் வீட்டை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் வன்னியில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். விசுவமடுப் பக்கம். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, சனங்களே நின்று கட்டிய வீடுகளில் ஒன்று. ஒரு ஹோல், பத்துக்குப் பத்தில் இரண்டு அறை, குசினி, முன்னுக்கு விறாந்தை, மேலே தகரச் சீற். மகன் வெளிநாட்டிலிருந்து நல்ல அம்பிளிபயரும் ஒரு சோடிச் சின்ன ஸ்பீக்கரும் அனுப்பிவிட்டான், திருத்த வேலைக்குக் கொஞ்சக் காசும் தருவதாகச் சொல்லியிருக்கிறான். சித்தப்பா தவில், நாதஸ்வரப் பைத்தியம். தட்சணாமூர்த்தியின் தவில் என்றால் சோறு ஆறினாலும் எழும்பமாட்டார். கரண்டும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆள். “அப்பிடியே கேட்டுப்போட்டம், இனியாவது வடிவாக் கேப்பம் தம்பி” என்பது அவருடைய நியாயம். எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை.

அவருக்கு முன்னால் இருந்த வழிகள்: ஹோலையே பாவிப்பது, மூலை அறையைத் திருத்துவது, இரண்டு அறைக்கும் நடுச்சுவரை இடித்துப் பெரிதாக்குவது, விறாந்தையை அடைப்பது, வளவுக்குள் தனியாக ஒரு கொட்டில் போடுவது.

இரண்டை முதலிலேயே தள்ளிவிடலாம். விறாந்தை ஆறு அடி அகலம். அதற்குள் ஸ்பீக்கரை எங்கே வைத்தாலும் சுவர் அதன் காதோடு ஒட்டி நிற்கும். ஒலி சுவரில் பட்டு வந்து நேரே வரும் ஒலியோடு குழம்பும். அதைவிடப் பெரிய குற்றம், விறாந்தையை அடைத்தால் வீட்டுக்குள் காற்று வருவது நின்றுபோகும். சித்தி ஒரே சொல்லில் மறுத்துவிட்டார், அது சரியான மறுப்பு.

நடுச்சுவரை இடிக்கும் யோசனை பலருக்கு வரும், பெரிய அறை நல்ல அறைதானே என்று. இந்த வீடுகளில் கூரை வளைகள் நடுச்சுவரிலும் இருக்கும். இடிப்பதென்றால் குறுக்கே கொங்கிறீற் வளை போட வேண்டும், மேசனுக்கும் கம்பிக்கும் போகும் காசில் மற்ற எல்லா வேலையையும் முடிக்கலாம். ஒலிக்கணக்கும் கைகொடுக்காது. பத்துக்குப் பத்து இரண்டைச் சேர்த்தால் இருபதுக்குப் பத்து. நீளம் அகலத்தின் சரியான இரண்டு மடங்கு. அது ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஆக மிஞ்சுவது ஹோல், மூலை அறை, கொட்டில்.

கொட்டில்

நான் மனதுக்குள் விரும்பியது இதைத்தான். மூன்று அடிக்கு மண்சுவர், அதற்கு மேல் திறந்த வெளி, பனந்தூண், மேலே கிடுகு அல்லது பனையோலை. கேட்பதற்கு இதைவிட நல்ல இடத்தைக் காசு கொடுத்துக் கட்டுவது கஷ்டம். ஓலைக்கூரை ஒலியை உள்ளே இழுத்துக்கொள்ளும், பக்கங்களில் திருப்பி அடிக்கச் சுவரே இல்லை. எதிரொலியும் கிடையாது, ஒரு சுரம் மட்டும் வீங்கிக் கேட்கும் குறையும் கிடையாது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தைத் திறந்த வெளியில் இருந்து கேட்டவர்களுக்குத் தெரியும், மத்தளத்தின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்து விழும். அந்தத் துப்புரவு கொட்டிலில் கிடைக்கும்.

ஒரு குறை, அடிச்சுரம் மெலிந்து கேட்கும். மூடிய அறை பாஸைத் தாங்கிக் கொஞ்சம் கூட்டித் தரும். திறந்த கொட்டிலில் அது வெளியே போய்விடும். ஸ்பீக்கரைக் கிட்ட வைத்து, நாலு அடிக்குள் இருந்து கேட்டால் இதை ஓரளவு சமாளிக்கலாம்.

சமாளிக்க முடியாதவை வேறு. கிடுகு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை வேய வேண்டும். ஓலைக்குக் கீழே வயறிங் என்றால் நெருப்புப் பயம். எலி வயரைக் கடிக்கும். மாரியில் வாடைக்காற்று சாரலை உள்ளே அடிக்கும், சோளகத்தில் தூசி. அம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் காவிக் காவி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் வேறு யாராவது காவிக்கொண்டு போவார்கள். மாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு இருந்து கேட்க இதைப் போல ஒன்றுமில்லை. மகன் அனுப்பிய சாமானுக்கு வருடம் முழுக்க வீடாக இருக்க இதனால் முடியாது.

ஹோல்

செலவே இல்லாத வழி. மூலை அறையைவிடப் பெரிது, விறாந்தைக்கும் குசினிக்கும் வாசல்கள் திறந்திருப்பதால் ஒலி தேங்காது, கதிரை, மேசை, அலுமாரி என்று சாமான்களும் கிடக்கின்றன. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னுக்கு இழுத்து, கதிரையை எதிர்ச்சுவரோடு ஒட்டாமல் வைத்தாலே பாதி வித்தியாசம் தெரியும். வீட்டார் எல்லோரும் சேர்ந்து கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. பாட்டு அவர்களுக்குக் கூடியிருந்து கேட்கும் விஷயம் என்றால் அதைத் தனியறைக்குள் கொண்டுபோய் வைப்பது பிழை.

ஆனால் ஹோலில் ரீவி இருக்கிறது. ஆறரை மணிக்கு நாடகம் தொடங்கும். ஸ்பீக்கர் நிற்க வேண்டிய இடத்தில் சாமிப்படமும் சைக்கிளும் நிற்கும். அரை மணித்தியாலத் தனி ஆவர்த்தனத்தை, தவில் மட்டும் தனியே முழங்கும் அந்தப் பகுதியை, யாரும் குறுக்கே நடக்காமல் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு ஹோல் ஒத்துவராது. சித்தப்பாவுக்கு ஒத்துவரவில்லை.

மூலை அறை, அதன் கணக்கு

பத்துக்குப் பத்து அறைக்குள் போய் ஒருதரம் கைதட்டிப் பாருங்கள். பூசிய சுவர், மாபிள் தரை, சாமான் ஒன்றும் இல்லையென்றால் தட்டிய சத்தம் சுவருக்குச் சுவர் பாய்ந்து ‘டிர்ர்’ என்று இழுபடும். அதற்குள் தவிலைப் போட்டால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறும்.

இந்த இழுவையைக் கணக்கிடும் வழியைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின். 1895 இல் அங்கே ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை என்று அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் காவிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். பிறகு மெத்தைக் கணக்கை விட்டு, திறந்த யன்னலை அலகாக எடுத்துக்கொண்டார். திறந்த யன்னலால் போன ஒலி திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர அடி திறந்த யன்னல் முழுதாக ஒரு சதுர அடி உறிஞ்சும். பூசிய சுவர் ஒரு சதுர அடியில் இரண்டு மூன்று வீதம்தான் உறிஞ்சும்.

இதை எங்கள் அறையில் போட்டுப் பார்ப்போம். பத்து அடி உயரத்தில் தட்டைச் சீலிங் அடித்ததாக வைத்தால் அறையின் மொத்தப் பரப்பு 600 சதுர அடி. வெறும் சுவரும் தரையும் என்றால் ஒலி முற்றாக அடங்க இரண்டரை செக்கனுக்கு மேல் எடுக்கும். பாட்டுக் கேட்கும் சின்ன அறைக்கு 0.4 செக்கன் அளவு நல்லது. அதற்கு ஏறத்தாழ 120 சதுர அடி உறிஞ்சும் பரப்பு வேண்டும். அறைக்கு நாலுக்கு நாலில் இரண்டு யன்னல். இரண்டையும் விரியத் திறந்தால் 32 சதுர அடி சும்மா கிடைக்கிறது. நுளம்பு வலை அடித்திருந்தாலும் பரவாயில்லை, ஒலிக்கு வலை ஒரு தடையே இல்லை. மேலே 100 சதுர அடிச் சீலிங் முழுதையும் நல்ல தடிப்பான பொருளால் செய்தால் எண்பதுக்கு மேல் வரும். ஆள், கதிரை, பாய் என்று மிச்சமும் நிரம்பிவிடும்.

திறந்த யன்னல்களும் உறிஞ்சும் சீலிங்கும் சேர்ந்தால் கணக்கு அநேகமாக முடிந்தது. அடைத்து ஏசி பூட்டுகிறவர்கள் முதலில் தொலைப்பது ஒரு சதமும் செலவில்லாத அந்த 32 சதுர அடியைத்தான்.

வெளிச்சத்தம் வருமே என்பீர்கள். வரும். ஆனால் அடைத்தாலும் வரும், கூரையால். மேலே போடும் 0.47 மில்லிமீற்றர் தகரம் ஒரு சதுர மீற்றருக்கு நாலு கிலோ எடைகூட வராது. இரண்டு பக்கமும் பூசிய ஆறு அங்குலக் கல் சுவர் ஏறத்தாழ 200 கிலோ. எடை இரட்டிப்பானால் ஊடே வரும் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும் என்பது பொது விதி. அந்தக் கணக்கில் சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் 30 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். கூரை இப்படிக் கிடக்க, கதவு இடுக்குக்கு றப்பர் ஒட்டுவது வாசலைத் திறந்துவிட்டு யன்னலைப் பூட்டும் வேலை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வழியெல்லாம் ஸ்பீக்கர் கட்டும் நாளில் எந்தச் சுவரும் உதவாது. அன்றைக்கு அம்பிளிபயரை நிற்பாட்டிவிட்டுக் கோயிலுக்குப் போவதே மரியாதை.

எந்தச் சீலிங்

இங்கேதான் சித்தப்பாவின் வீட்டில் உண்மையான விவாதம் நடந்தது. ஓடாவியார் அந்தப் பக்கத்தில் பெயர் எடுத்த மனிசன். அவருக்கு பிளைவூட் தட்டைச் சீலிங்தான் சரி. “துணியைக் கட்டிப்போட்டு சீலிங் எண்டு சொன்னா ஆர் தம்பி மதிப்பினம்? பிளைவூட் அடிச்சு வார்னிஷ் பூசினா வடிவாக் கிடக்கும்” என்றார்.

வடிவு உண்மை. ஜிப்சம், பிளைவூட், பிவிசி மூன்றும் பார்க்க நேர்த்தி, தூசி விழாது, வெக்கையும் கொஞ்சம் குறையும். ஆனால் மூன்றுமே நடுச்சுரம், மேற்சுரத்தைச் சுவரைப் போலவே திருப்பி அடிக்கும். அதைவிட மோசம், பத்து அடி உயரத்தில் தட்டையான கெட்டிச் சீலிங் அடித்தால் அறை முழுச் சதுரப் பெட்டியாகிவிடும்: பத்து, பத்து, பத்து.

இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு இடையில் ஒலியலை போய்வரும்போது, அந்தத் தூரத்துக்குப் பொருந்தும் சுரம் மட்டும் தேங்கி வீங்கும். முப்பது பாகை வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். பத்து அடி இடைவெளிக்கு அது 57 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 57 அதிர்வு, பிறகு அதன் இரண்டு மடங்கான 115. நீளத்திலும் 57, அகலத்திலும் 57, உயரத்திலும் 57 என்றால் மூன்றும் ஒரே சுரத்தில் ஏறி நின்று இடிக்கும். பேஸ் கிற்றாரில் ஒரு சுரம் மட்டும் ‘பூம்’ என்று வீட்டையே நிரப்பும், பக்கத்துச் சுரம் கேட்கவே கேட்காது. நடுச்சுவரை இடித்து இருபதுக்குப் பத்து ஆக்கினாலும் இதே கதைதான். இருபது அடியின் இரண்டாவது சுரம் திரும்பவும் அதே 57 இல் வந்து நிற்கும்.

துணிச் சீலிங் என்றால் விஷயம் மாறுகிறது. மரச்சட்டம் அடித்து, அதில் துணியை இழுத்துக் கட்டி, துணிக்கு மேலே நாலு அங்குலத் தென்னந்தும்பு மெத்தையோ றொக் வூலோ (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) பரப்பினால், மேற்சுரமும் நடுச்சுரமும் அதிலேயே அடங்கும். அடிச்சுரம் அதைத் தாண்டிப் போய்ச் சரிந்த தகரத்தில் படும். சரிவு இருப்பதால் உயரம் ஒரே அளவாக இல்லை. சதுரப் பெட்டி உடைகிறது. மெல்லிய தகரம் பாஸில் ஒரு பங்கை வெளியே விட்டும்விடும். இந்த ஒரு விஷயத்தில் தகரக்கூரை எங்களுக்குச் செய்யும் உபகாரம் அது. சீலிங்குக்கும் தகரத்துக்கும் இடையில் இருக்கும் வெளியும் வீண் அல்ல. 100 ஹேர்ட்ஸ் ஒலியலையின் கால்வாசி மூன்று அடிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவு இடைவெளியோடு நிற்கும் மெத்தை வெறும் நாலு அங்குல மெத்தையைவிடத் தாழ்ந்த சுரத்தையும் பிடிக்கும்.

வெக்கைக்கும் இது நல்லது. மத்தியானத் தகரத்தின் கொதிப்பு நேரே தலையில் இறங்காது. மழைச்சத்தமும் குறையும், ஆனால் நிற்காது. கார்த்திகை மழை தகரத்தில் கொட்டும்போது பாட்டுக் கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓடாவியாரைச் சமாதானப்படுத்தியது ஒலிக்கணக்கு இல்லை. நல்லது கெட்டதுக்குக் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டுவோமே, அப்படி மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், ஓரத்துக்குப் பனஞ்சிலாகை அடித்து நீங்கள் விரும்பிய வார்னிஷைப் பூசுங்கள் என்றேன். சிலாகைக்கு வேலை இருக்கிறது என்றதும் ஒத்துக்கொண்டார். துணியைத் தெரிவுசெய்ய ஒரு வழி: வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் போனால் ஒலியும் போகும். பருத்திச் சேலை போதும். ரெக்சீன், பிளாஸ்டிக் பூசிய துணி எல்லாம் சுவருக்குச் சமன்.

சீலிங் அடிக்க முன்னம் தகரத்தைச் சோதிக்க வேண்டும். போனில் ஒலி உண்டாக்கும் செயலி ஒன்றைப் போட்டு, அம்பிளிபயரோடு இணைத்து, 40 இலிருந்து 120 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்கோ ஓரிடத்தில் கூரை ‘கிர்’ என்று அதிரும். சித்தப்பா வீட்டில் அது 60க்குக் கிட்ட. ஒரு பெடியன் ஏணியில் ஏறி, தகரத்தை ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனான். முகட்டுக்குக் கிட்ட ஒரு இடத்தில் அழுத்தியதும் அதிர்வு நின்றது. ஆணியின் றப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து பொடிந்து கிடந்தது. அதை மாற்றியதும் அந்தச் சத்தம் போய்விட்டது. இப்படியொரு வாஷர் செய்யும் கூத்துக்கு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்துத் திருத்தக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் அதில் துளையிடவோ, வெட்டவோ, உரஞ்சவோ கூடாது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் புற்றுநோய் வரக்கூடும். சட்டம் முழுதையும் சுவரிலேயே தாங்கவிட வேண்டும், சீற்றைத் தொடவே வேண்டாம்.

ஓட்டு வீட்டுக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். ஓடு பாரம் கூடியது, அதிராது, மழைச்சத்தமும் குறைவு. அவர்கள் துணியும் தும்பும் மட்டும் பார்த்தால் போதும். கொங்கிறீற் தட்டுப் போட்ட வீடுதான் உண்மையில் கஷ்டம், அங்கே பாஸ் போக வழியே இல்லை.

தும்பா, றொக் வூலா, ஸ்பொஞ்சா

முதலில் வேண்டாதவை. கூம்பு கூம்பாக வெட்டி விற்கும் ஒரு அங்குல ஸ்பொஞ்ச், ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மட்டும்தான் பிடிக்கும். அறை முழுக்க ஒட்டினால் நாதஸ்வரத்தின் ஒளி செத்துப்போய், பாஸ் மட்டும் முன்னைவிட இடிக்கும். வன்னி வெக்கையிலும் ஈரத்திலும் அது சில வருடத்தில் மஞ்சளித்துக் கையோடு பொடிந்து வரும். நெருப்பென்றால் இன்னும் மோசம்: 2003 இல் அமெரிக்காவின் றோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதியில் வாணவேடிக்கைப் பொறி சுவரில் ஒட்டிய ஸ்பொஞ்சில் பிடித்து 100 பேர் இறந்தார்கள். முட்டைத் தட்டும் அப்படித்தான்: ஒலிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, நெருப்புக்கு விறகு. இலவம் பஞ்சு நன்றாக உறிஞ்சும், ஆனால் எலி குடியேறும்.

றொக் வூல் அங்குலத்துக்கு அங்குலம் எல்லாவற்றையும் மிஞ்சும். எரியாது, கறையான் தின்னாது. கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், ஏற்றுக்கூலி சேரும். கையாளும்போது முகமூடியும் கையுறையும் வேண்டும், தோலில் பட்டால் அரிக்கும். நனைந்தால் தொய்ந்துவிடும், ஆகவே ஒழுக்கு உள்ள கூரைக்குக் கீழே போடக்கூடாது.

தும்பு மெத்தை இங்கேயே கிடைக்கும். அங்குலத்துக்கு அங்குலம் றொக் வூலைவிடக் குறைவு. ஆனால் தடிப்பால் ஈடு செய்யலாம்: றொக் வூல் இரண்டு அங்குலம் போடும் இடத்தில் தும்பு நாலு. அதன் எதிரிகள் நெருப்பும் கறையானும். போறாக்ஸும் போறிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் நனைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு எடுத்தால் இரண்டையும் ஓரளவு தாங்கும். சிலர் பழைய எஞ்சின் ஒயில் பூசச் சொல்வார்கள், வேலிக்கட்டைக்குப் பூசுவது போல. அடைத்த அறையில் அந்த மணமும் நெருப்புப் பயமும் வேண்டாம். சீலிங்குக்கு மேலே போகும் வயரை எல்லாம் குழாய்க்குள் விட வேண்டும், மின்குமிழ் எதுவும் தும்பில் முட்டக்கூடாது.

என் தீர்ப்பு: ஒழுக்கு இல்லாத கூரை, ஏற்றிவர வாகனம் இரண்டும் இருந்தால் றொக் வூல். இல்லாவிட்டால் தும்பு, கவலையில்லாமல். சித்தப்பா தும்பை எடுத்தார்.

சீலிங் மட்டும் உறிஞ்சினால் சுவருக்குச் சுவர் பாயும் ‘டிர்ர்’ முழுதாகப் போகாது. கதிரையில் ஒருவர் இருக்க, இன்னொருவர் பக்கச்சுவரில் முகக்கண்ணாடியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு மெத்தைச் சட்டம் மாட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, இருப்பவருக்குப் பின்னால் ஒன்று. சுவரோடு ஒட்டாமல் இரண்டு மூன்று அங்குலம் விட்டு, தரையிலிருந்து அரை அடி உயர்த்தி மாட்டினால் ஒலிக்கும் நல்லது, ஈரமும் கறையானும் ஏறுவதும் கண்ணில் தெரியும்.

கதிரையை அறையின் நட்டநடுவில் போடக்கூடாது. அந்த 57 ஹேர்ட்ஸ் நடுவில் கேட்காமலே போகும், சுவரோடு ஒட்டினால் இடிக்கும். பின்சுவரிலிருந்து நாலு அடிக்குக் கொஞ்சம் குறைய இருந்தால் இரண்டுக்கும் நடுவாக அமையும். அங்கிருந்து அங்குலம் அங்குலமாக நகர்த்திக் காது சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த அளவு அறைக்கு ஐந்து, ஆறு அங்குல ஸ்பீக்கர் தாராளம். பன்னிரண்டு அங்குலப் பாஸ் பெட்டி கலியாண வீட்டுக்கு.

மின்விசிறி சுழலும்போது அலகுகள் ஒலியை வெட்டும், சீலிங் விசிறி தலைக்கு மேலே இருந்தால் நீண்ட சுரம் நடுங்குவது தெரியும். நிற்கும் விசிறியை முதுகுப் பக்கம் மெதுவாக விடுவது மேல். மின்சாரத்தில் இரண்டு விஷயம் விடக்கூடாது: ட்ரிப் சுவிச், ஒழுங்கான ஏர்த். கோடையில் மண் காய்ந்தால் ஏர்த் கம்பியின் பிடி குறையும், அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

காசு குறைவாக இருந்து எதையாவது பிற்போட வேண்டுமென்றால் சுவர்ச் சட்டங்களைப் பிற்போடலாம், சீலிங்கைப் பிற்போடக்கூடாது. ஏசி வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, கரண்ட் பில்லை நினைத்து. எப்போதாவது பூட்டினால் யன்னல் இரண்டும் மூடப்படும், அந்த 32 சதுர அடியும் போகும். ஆகவே பின்சுவரில் இன்னும் நாலு சட்டம் மாட்டக்கூடியதாகக் கொளுக்கிகளை இப்போதே அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்பு அடித்து முடிய முன்னம் அடித்தால் சுவரைத் திரும்பப் பூச வேண்டியதில்லை.